நீலப் பையில் போட்ட நல்லி

சின்ன உள்ளியை ஒவ்வொன்றாக நகத்தால் கீறித் தோலுரித்துக்கொண்டிருந்தாள் முபீனா. ஆணக் குழம்புக்கு வேண்டிய உள்ளி எப்போதோ வதங்கிக் கறியோடு சேர்ந்தாயிற்று, இது வேண்டாத உள்ளி, நாளைக்கோ நாளை மறுநாளைக்கோ ஆகும் உள்ளி, இருந்தாலும் கை நிற்கவில்லை, கை நின்றால் எழுந்து முன்னறைக்குப் போகவேண்டியிருக்கும், அங்கே மாப்பிள்ளையைப் பெற்ற மாமியும் இவளைப் பெற்ற உம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள், உம்மாவின் மடியில் இவள் மகன் அனீஸ் கிடக்கிறான். அடுப்பில் கனத்த சட்டி. சட்டிக்குள் உம்மா கடையநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கிவந்த மாட்டுக்கறி, பெருநாளன்றைக்கே மஞ்சளும் உப்பும் போட்டு அரை வேக்காட்டில் இறக்கி வைத்தது. உம்மா வீட்டில் பிரிட்ஜ் கிடையாது, அதனால் அன்றாடம் ஒரு கொதி விட்டு விட்டுக் கெடாமல் வைத்திருந்திருக்கிறாள். அப்படி வைத்த கறி கெடாதுதான், ஆனால் இறுகிப்போகும், அதை மறுபடி இளக்க நேரம் பிடிக்கும். குக்கர்ல போடு புள்ள, சட்டுனு வெந்துரும் என்று உம்மா வந்தவுடனே சொன்னாள். இவள்தான் சட்டியில் இளந்தீயில் வைத்தால்தான் ருசி என்று குனிந்தபடியே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். மாமிக்கு அதில் சந்தோஷம், பாத்தியளா மைனி, உங்க மவளுக்கு இப்பத்தான் கைப்பக்குவம் வந்திருக்கு என்று பெருமையாகச் சொன்னாள். ருசியும் இல்லை, பக்குவமும் இல்லை. குக்கரில் வைத்தால் சீக்கிரம் வெந்துவிடும், வெந்துவிட்டால் பரிமாற வேண்டும், பரிமாறினால் உம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அது முபீனாவுக்குத் தெரியும், அடுப்புக்கும் தெரியும்.

மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினாள். மல்லியும் மிளகாயும் பச்சை வாடை போய், ரம்பை இலையின் மணம் மேலே வந்திருந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள், விரல் சுட்டதே தவிரக் கறி விட்டுக்கொடுக்கவில்லை. கரண்டி அடியில் ஒன்றில் தட்டுப்பட்டது. டக். அந்தச் சத்தம் வரும் என்று தெரிந்துதான் அந்தப் பக்கமாகக் கரண்டியை விடாமல் சுற்றி வந்தாள், இருந்தும் கை அங்கேதான் போகிறது. காலையில் உம்மாவின் தூக்குப் போணியை இந்தச் சட்டியில் கவிழ்த்தபோதும் முதலில் விழுந்தது அதுதான், துண்டுகளெல்லாம் சளசளவென்று விழ, அது மட்டும் டக்கென்று. நல்லி எலும்பு. ஒரு முனை நேராக வெட்டுப்பட்டு, மறு முனை வெட்டுக்கத்தி வழுக்கிச் சாய்வாகப் போய், கிளிமூக்கு மாதிரி சிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் நல்லி. உலகத்தில் எத்தனை மாடு, எத்தனை நல்லி, அத்தனையிலும் கிளிமூக்கு இருக்கலாம் என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கலாம்தான். ஆனால் அந்த மூக்கு பெருநாளன்றைக்கு இவள் உள்ளங்கையில் குத்தியது, குத்திய இடம் கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் கறுப்பாக இருக்கிறது, உள்ளிச்சாறு பட்டால் எரிகிறது. இப்போதும் எரிகிறது.

ஹஜ் பெருநாளைக்கு எல்லாரும் தென்காசியில் ரமீஜா மதினி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரமீஜா மதினி இவள் மாப்பிள்ளை இலியாஸுக்கு நேர் மூத்தவள், வசதியான வீட்டில் வாக்கப்பட்டவள். குர்பானி மாடே முழுசாக அவர்கள் வீட்டுக்கு மட்டும், வேறு யாரோடும் கூட்டுப் பங்கு கிடையாது. முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து மூன்று குவியலாகக் கறி கிடந்தது, வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. வாசல் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, உள்ளே பலகை போட்டு முபீனாவை உட்காரவைத்தார்கள். மூன்றாவது குவியலிலிருந்து அள்ளி, கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, நீட்டுகிற பையில் போடவேண்டியது. பொம்பளைகள் வரிசை வாசலிலிருந்து தெருமுக்கு வரைக்கும். எல்லாம் கறுப்புப் புர்கா, முகத்தையும் மூடியிருந்தார்கள், கண்ணும் கையும் பையும்தான் தெரிந்தது. முபீனாவுக்கு அது முதல் தடவை, யாருக்காவது ஒன்று கொடுக்கிற இடத்தில் உட்காருவது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பலகையில் அவள் உட்கார்ந்ததில்லை. கை கூசியது, பிறகு கூசவில்லை, பிறகு பிடித்தும்போயிற்று, அதைத்தான் நினைக்கவே முடியவில்லை. மதினி பின்னால் நின்று, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டிருக்காத முபீனா, வருசா வருசம் வர்ற கூட்டம்தான், மூடிக்கிட்டு வந்தா யாருன்னு தெரியவா போவுது, ஒரே ஆளு ரெண்டு ரவுண்டு வரும் என்றாள். பிறகு ஒருத்தியின் பெரிய பையைப் பார்த்து, மாட்டையே உள்ள கட்டலாம் போல இருக்கே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முபீனாவும் சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை, அந்தப் பைக்காரிக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள், தானும் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்து ஆள்தான் என்று மதினிக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே அடுத்த பை நீண்டது. நீலப் பை.

நீலம் என்றால் பள்ளிக்கூட நீலம். ஆறாம் வகுப்புக்குப் புதுசாகத் தைத்த பாவாடை அது, வளர வளர இறக்கிக்கொள்ளலாம் என்று உம்மா டெய்லரிடம் சொல்லி உள்பக்கம் அகலமாக மடிப்பு வைத்துத் தைத்தது. வாப்பா மௌத்தாகி அடக்கம் ஆன வருசம், மழைக்காலம் முடிவதற்குள் பள்ளிக்கூடம் நின்றது, பீடித்தட்டை மடியில் வைத்தாயிற்று, பாவாடை ஒன்றிரண்டு சலவையோடு அப்படியே கிடந்தது. இறக்கவேண்டிய தேவையே வராத மடிப்பு. உம்மா அதைப் பிரித்துப் பையாகத் தைத்தாள், மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் நீலம் வெளுக்காமல் பட்டையாக ஒரு கோடு நின்றது. பீடிக்கடைக்கு இலை வாங்கப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பைதான். அந்தக் கோட்டை முபீனா இருட்டில் தடவியே கண்டுபிடிப்பாள். அந்தக் கோடுதான் வாசலில், இவள் மூக்குக்கு நேராக, வாயைத் திறந்துகொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தாளா? பார்த்தாள். இல்லை, பார்க்கவில்லை, கண்வரைக்கும் போகவில்லை, கழுத்தோடு நின்றுவிட்டாள். உம்மா முகத்தை மூடியிருந்தாள், இவள் முகம் திறந்து கிடந்தது, புதுப் பெருநாள் தாவணி முக்காடு, கன்னத்தில் பவுடர், வாயில் மிச்சச் சிரிப்பு. இவளுக்கு உம்மாவைத் தெரியாது என்று உம்மா வேண்டுமானால் நினைக்கலாம், உம்மாவுக்கு இவளைத் தெரியாது என்று இவளால் எப்படி நினைக்க முடியும்? உம்மாவுக்கு மதினி வீடு தெரியாது, மகள் கல்யாணத்துக்குப் பிறகுகூட அந்தப் பக்கம் வந்ததே இல்லை, தெரிந்திருந்தால் அந்தத் தெருவிலேயே நுழைந்திருக்க மாட்டாள். தெரு தெருவாக வந்தவள் வரிசையில் நின்று நின்று, கடைசியில் பை நீட்டின இடத்தில் தன் மகள். உம், என்று வாய் மூடினது நிஜம். மூடின உதட்டைத் திறந்திருந்தால் மிச்சம் வந்திருக்கும். மதினி பின்னால் நின்றாள். திறக்கவில்லை. கை மட்டும் தானாகப் பின்னால் போயிற்று, வீட்டுக் குவியலுக்கு, மாமிக்குச் சூப் வைக்க என்று ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த நல்லியில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் குத்தக் குத்த அதைக் கவருக்குள் திணித்து, முடிச்சைப் போட்டுப் பைக்குள் போட்டாள். நல்லா இருங்கம்மா என்றது புர்கா. குரலை மாற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. நல்லா இரு என்று இல்லை, நல்லா இருங்கம்மா. பெற்றவள் மகளைப் பார்த்து, ஊரார் வீட்டுச் சீமாட்டியைச் சொல்லுகிற மாதிரி.

தீ கூடிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள், கூடவில்லை. தேங்காய் அரைத்ததை எடுத்து வைத்தாள், இப்போது ஊற்றக்கூடாது, கறி வெந்த பிறகுதான். முன்னறையில் மாமியின் குரல் திரைச்சீலையைத் தாண்டி வந்தது, மாமிக்கு மெதுவாகப் பேச வராது. எத்தன பேரு சேந்து குடுத்திய மைனி என்று கேட்டாள். கூட்டுக் குர்பானியைத்தான் கேட்கிறாள், ஏழு வீடு சேர்ந்து ஒரு மாடு, ஆளுக்கு ஒரு பங்கு. அனீஸ் கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது. பிறகு உம்மா சொன்னாள், எங்க தெருவுலயே ஏழு பேரு சேந்துட்டாங்க மைனி, மாடும் நல்ல மாடு. நல்லியப் பாத்தாலே தெரியுதே என்றாள் மாமி. ஆமா, என்றாள் உம்மா, நல்லி நல்லாருக்கும். முபீனா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். உம்மா பொய் சொல்லிக் கேட்டதே இல்லை. பீடிக்கட்டில் ஒரு பீடி குறைந்தாலும் கடைக்காரர் எண்ணுவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுகிற உம்மா. அந்த உம்மா இவ்வளவு நிதானமாக, குரல் ஆடாமல். நல்லி நல்லாருக்கும் என்று ஏன் சொன்னாள்? மாமிக்குச் சொன்னாளா, திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குச் சொன்னாளா? அன்றைக்கு மதினி வீட்டில் நல்லி ஒன்று குறைகிறது என்று தேடினார்கள், முபீனா தரையைப் பார்த்துக்கொண்டு பூனை தூக்கியிருக்கும் என்றாள், நல்லியத் தூக்குற பூன தென்காசில எந்த வீட்டுல இருக்கு, எனக்கும் ஒன்னு பிடிச்சுத் தாங்க என்று மதினி சொல்ல அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். உம்மா வீட்டுக்குப் போய்க் கவரை அவிழ்த்திருப்பாள். வேறு வேறு வாசலில் வாங்கிய கவர்களையும் அவிழ்த்திருப்பாள். அதில் எதிலும் நல்லி கிடையாது, சவ்வும் கொழுப்பும் நெஞ்செலும்பும்தான் இருந்திருக்கும். இவள் போட்ட கவரில் மட்டும் நல்லி. அப்போதே உம்மாவுக்குத் தெரிந்துபோயிருக்கும். மகள் கண்டுகொண்டாள். கண்டுகொண்டு, கூப்பிடாமல், எலும்பைப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

தெரியாமலும் இருக்கலாமே. கூட்டத்தில் கை தவறிக்கூட நல்லி விழுந்திருக்கலாம் என்று உம்மா நினைத்திருக்கலாம். ஆனால் பை? காலையில் உம்மா வாசலில் வந்து நின்றபோது கையில் ஜவுளிக்கடைப் பை, பளபளவென்று, கைப்பிடியில் கயிறு வைத்தது, யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி மடிப்புக்கூடக் கலையாமல். அந்த நீலப் பை இல்லாமல் உம்மா எங்கேயாவது போயிருக்கிறாளா? அனீஸ் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பையில்தான் கஷாயத் தூக்கு வந்தது. இன்றைக்கு அது இல்லை. வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மகள் வீட்டு வாசலில் அதை நீட்டக்கூடாது என்று. அந்தப் பளபளப் பையைப் பார்த்ததும் இவள் வாங்க என்று மட்டும் சொன்னாள். வாங்க என்றால் யாரையும் சொல்லலாம், கேஸ்காரனைக்கூடச் சொல்லலாம். உம்மா என்கிற வார்த்தை காலையிலிருந்து இன்னும் வரவில்லை, அன்றைக்குப் பாதியில் மூடின உதடு இன்னும் அப்படியே மூடிக்கிடக்கிற மாதிரி. அனீஸிடம்கூட, உம்மும்மா வந்திருக்காங்க பாரு என்று சொல்ல வாயெடுத்து, யாரு வந்திருக்கா பாரு என்று மாற்றிக்கொண்டாள்.

சின்ன வயதில் பெருநாளுக்குப் பெருநாள் வீட்டில் கறி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டதே இல்லை. உம்மா விடியக்காலையில் தொழுதுவிட்டுப் போவாள், மதியம் லுஹர் தொழுகைக்கு வருவாள், அடுப்பில் கறி கொதிக்கும். எல்லாம் எலும்பா இருக்கே என்று தட்டைத் தள்ளிவிட்டது நினைவிருக்கிறது. உம்மா அந்தத் தட்டை இழுத்துத் தானே சாப்பிட்டாள், இவளுக்குத் தன் தட்டிலிருந்து சதையாகப் பொறுக்கி வைத்தாள். அந்தக் காலைகளிலெல்லாம் உம்மா எந்தெந்த வாசலில் நின்றாளோ, எந்தெந்தக் கதவுக்குள்ளே எந்தெந்த முபீனாக்கள் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்களோ. அல்லது அப்போதெல்லாம் போகவே இல்லையோ, தெருக்காரர்களே கொண்டுவந்து கொடுத்ததுதானோ, இந்த வருசம்தான் முதல் தடவையோ. இந்த இரண்டில் எது கூடுதல் கேவலம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏனென்றால் இந்த வருசம் முதல் தடவை என்றால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. அந்தக் காரணத்தைச் சுற்றிச் சுற்றித்தான் காலையிலிருந்து கரண்டி போகிறது. பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்னால் மாமி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், எங்க பக்கத்துல பொண்ணு வீட்டுலருந்து மாப்ள வீட்டுக்குக் குர்பானிக் கறி ஒரு போணியாவது வரும், ஒங்க பக்கத்துல அந்தப் பழக்கம் இல்ல போல, பரவால்ல. மாமி அதில் ஒன்றும் குத்தி வைக்கவில்லை, சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கப் போய்விட்டாள். முபீனாவுக்குத்தான் அது போய்த் தைத்தது. அன்றைக்கே மொட்டைமாடிக்குப் போய் உம்மாவுக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள்? எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள், இதை மட்டும் மறக்க முடியவில்லை. நீ ஒன்னுமே அனுப்ப மாட்டேங்க, எனக்கு இங்க தல நிமிர முடியல. உம்மா அந்தப் பக்கத்திலிருந்து, அனுப்புறேன் புள்ள, கறிதானே, ஒரு போணி கொண்டாரேன் என்றாள். கடையநல்லூரில் எல்லாரும் தெரிந்தவர்கள், அங்கே கை நீட்ட முடியாது. தென்காசிக்கு வந்தால் யாருக்குத் தெரியும்.

அப்படியென்றால் அந்த வரிசையில் உம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? இவள்தானே. உள்ளேயும் இவளே உட்கார்ந்து, வெளியேயும் இவளுக்காகவே நின்று, இவள் கையால் போட்ட கறியே சுற்றிச் சுற்றி வந்து இவள் சட்டியில் கொதிக்கிறது. மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் வந்தது, ஆவிதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. துண்டை அழுத்தினாள், இந்தத் தடவை கறி விரலுக்கு விட்டுக்கொடுத்தது, நார் நாராகப் பிரிந்தது. வெந்துவிட்டது. அவ்வளவுதான், இனிமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை. தேங்காயை ஊற்றிக் கிளறினாள், ஆணம் வெளுத்து, மறுபடி மெதுவாகச் சிவந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தது. நல்லியை யாருக்கு வைப்பது? மாமிக்கு வைத்தால் மாமி சந்தோஷப்படுவாள், சம்பந்தி கொண்டுவந்த நல்லி என்று தெருவெல்லாம் சொல்வாள், உம்மா பட்ட பாட்டுக்கு அதுதான் கூலி, உம்மா அதற்காகத்தான் கொண்டுவந்ததே. அனீஸுக்கு மச்சையைத் தட்டி எடுத்து ஊட்டினால் உம்மாவின் மனசு குளிரும், நல்லி இருந்தால் பிள்ளைக்கு என்றுதானே தன் வாயில் வைக்காமல் இத்தனை நாள் கொதி விட்டு வைத்திருந்திருக்கிறாள். ஆனால் உம்மாவின் தட்டில் வைத்தால்? வைத்தால் உம்மா நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் இவளும் பார்க்கவேண்டும். எல்லார் முன்னாலும் உம்மாவைத் தலைகுனிய வைத்த மாதிரி ஆகிவிடுமோ, ஒரு தடவை கதவுக்கு வெளியே வைத்தது போதாது என்று வீட்டுக்குள்ளும் வைத்தது போல? இல்லை, வைக்காமல் விட்டால்தான் அப்படி. தெரியவில்லை. அவளுக்கு இப்படியெல்லாம் யோசித்துப் பழக்கமில்லை, யோசனை உள்ளித்தோல் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழமாட்டேன் என்கிறது.

உம்மா சாப்பிட மாட்டாள் என்பதுதான் இப்போது புதுப் பயம். வரும்போதே, எனக்குச் சோறு வேண்டாம், நான் தின்னுட்டுத்தான் வந்தேன், சாயங்காலம் அஸருக்கு முந்தி ஒரு பஸ் இருக்கு, அதுல போயிருவேன் என்று சொல்லிவிட்டாள். எங்கே தின்றாள், எதைத் தின்றாள்? இவள் அடுப்பைத் தணித்துத் தணித்து வைத்த நேரமெல்லாம் உம்மாவின் பஸ் நெருங்கிக்கொண்டல்லவா இருந்தது, அது ஏன் காலையில் தோன்றவில்லை. தட்டுகளை எடுத்துக் கழுவினாள், ஈரத்தைத் துணியால் துடைத்தாள், ஒரு தட்டைத் தனியாக வைத்தாள். கரண்டியை அடிவரைக்கும் விட்டு, இந்தத் தடவை சுற்றிப் போகாமல் நேராக விட்டு, டக்கென்ற இடத்தில் நிறுத்தி நல்லியை அள்ளினாள். சாய்வு வெட்டு, கிளிமூக்கு, உள்ளே மச்சை கலங்காமல் நிறைந்திருந்தது. தட்டில் வைத்துவிட்டுத் தானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், திரைக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து, மாமி இருந்தாலும் இருக்கட்டும், சத்தமாக முடியாவிட்டால் மெதுவாகவாவது சொல்லவேண்டும், உம்மா, பையப் பாத்ததுமே எனக்குத் தெரியும், நீ புர்காவுக்குள்ள இருந்தாலும் தெரியும், வாய் வரைக்கும் வந்துச்சு, மதினி பின்னால நின்னாங்க, ஆனா அதுக்காக இல்ல உம்மா, நான் அந்தப் பலகையில உக்காந்ததும் எனக்கு—

“ஏ முபீனா, எங்க புள்ள இருக்க, ஒங்க உம்மா செருப்ப மாட்டிட்டாங்க, வாசல்ல நிக்கிறாங்க பாரு,” என்று மாமி கூப்பிட்டாள். நல்லி கிடந்த கரண்டியிலிருந்து ஆணம் சொட்டச் சொட்ட முபீனா திரைச்சீலையைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓடினாள். “உம்மா,” என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி, “உம்மா, போயிராத, உள்ள வா, இது உனக்கு நான் தெரிஞ்சு போட்டது.”